‘செடியிடம் பேசுகிறார், என்னிடம் பேசுவதில்லை’

கேள்வி: என் கணவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் 26 வருஷம் சேலம் – ஏற்காடு ரூட்தான். இப்போது விடிந்தால் மொட்டை மாடி, பொழுது சாய்ந்தாலும் மொட்டை மாடி. 46 தொட்டிகள் வைத்திருக்கிறார். செடிகளோடு பேசுகிறார், என்னிடம் ‘ம்’, ‘சரி’ இரண்டு வார்த்தைதான். கார்த்திகை மாதத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய்க் காபி நாற்று வாங்கிவந்து வைக்கிறார். ஒவ்வொன்றாக மூன்றும் கருகிவிட்டன. மூன்றாவது கருகிய அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை, மறுநாளும் பேருக்குத்தான் சாப்பிட்டார். இப்போது நான்காவது வந்திருக்கிறது. “ஒரு செடிக்குப் போய் இப்படியா?” என்றால் கோபம் வருகிறது. முழங்கால் வலியோடு தினமும் நாலைந்து தடவை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார். பெங்களூரில் இருக்கும் மகன், பாதித் தொட்டிகளை யாருக்காவது கொடுத்துவிட்டு மீதிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு டைமர் வைத்துவிடலாம், அப்பாவுக்கு ஓய்வாக இருக்கும் என்கிறான். இவருக்கு வந்திருப்பது மனநோயா? டைமர் வைக்கலாமா? போன ஐப்பசியில் இவரோடு பல வருஷம் கண்டக்டராக ஓடிய, ஏற்காட்டுப் பக்கத்து நாகலூர்க்காரர் தவறிவிட்டார். அதற்குக்கூட இவர் கண்கலங்கவில்லை. செடிக்கு மட்டும் இப்படி உருகுகிறார்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

டைமர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது குழாயும் கையுமாக வந்து இறங்கிவிடக்கூடும். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். தொட்டிகளில் பாதியைக் கொடுத்துவிடும் யோசனையும் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 1976-ல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்த முதியவர்களிடம், உங்கள் அறை, உங்கள் பொழுது, எல்லாம் உங்கள் முடிவுதான் என்று பேசி, ஆளுக்கொரு செடியையும் கொடுத்து, இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இன்னொரு தளத்து முதியவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் நர்ஸ்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, பொறுப்பு கொடுக்கப்பட்ட தளத்தில் இருந்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். இந்த ஆய்வைப் பற்றி மிகைப்படுத்தியும் சொல்வார்கள். பொறுப்பு கிடைத்தவர்கள் நீண்ட நாள் உயிரோடு இருந்தார்கள் என்று பின்னால் வந்த கணக்கில் பிழை இருந்ததை ஆய்வாளர்களே திருத்திக்கொண்டார்கள். செடி மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, வேறு பல முடிவுகளும் அந்த முதியவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்தன. ஆனாலும் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். இரண்டு தளத்திலும் செடி இருந்தது. அந்தச் செடிக்குத் தான் வேண்டும் என்ற நிலை ஒரு தளத்தில்தான் இருந்தது.

உங்கள் மகன் செய்ய நினைப்பது அந்த நர்ஸ்கள் செய்த வேலையை. பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டைமர் வைத்தால் செடிகள் இப்போதைவிட நன்றாகவே வளரக்கூடும். உங்கள் கணவருக்குத்தான் மாடியில் வேலை இருக்காது.

அவர் என்ன வேலை பார்த்தவர் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேருவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் அறுபது எழுபது பேர், ஞாயிற்றுக்கிழமையானால் நிற்கவும் இடம் இருக்காது. அத்தனை பேரும் டிரைவரை நம்பித் தூங்கிக்கொண்டோ, ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டோ வருவார்கள். ஒரு வளைவில்கூடத் தவறக் கூடாது. பனி இறங்கினாலும், பிரேக் சூடானாலும், முந்தின நாள் வீட்டில் என்ன சண்டை நடந்திருந்தாலும், தவறக் கூடாது. 26 வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்த மனிதரை ஒரு நாள் சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் காலையில் அவருக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை. “முதல் வண்டி எத்தனை மணிக்குண்ணே?” என்று கேட்க ஆள் இல்லை. நம் ஊரில் ரிட்டயர்மென்ட் என்றால் பி.எஃப்., பென்ஷன் கணக்கு பேசுகிறோம். இதைப் பேசுவதில்லை.

அதற்குப் பதிலாக அவர் மாடியில் 46 தொட்டிகளை வைத்துக்கொண்டார். காலையில் போகாவிட்டால் வாடிவிடும் 46 உயிர்கள். எனக்கு இதில் நோய் தெரியவில்லை. தனக்குத் தேவையான மருந்தை யாரிடமும் கேட்காமல் தானே தேடிக்கொண்ட ஒருவர்தான் தெரிகிறார்.

செடிகள் வாழ்க்கைப் பாடம் சொல்லித்தரும் என்ற பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. மண்ணைத் தொட்டாலே மூளையில் மகிழ்ச்சி சுரக்கும், மண்ணில் அதற்கென்று ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அது எலிகளில் நடந்த ஆய்வு. ஆனால் தோட்ட வேலை மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை மனிதர்களிலேயே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தோட்டம் வைத்திருந்த முப்பது பேருக்கு முதலில் பதற்றம் தரும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்டத்திலும் மீதிப் பேரைப் புத்தகத்தோடும் விட்டார்கள். அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பு இரண்டு குழுவிலும் குறைந்தது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மலைப்பாதையில் தவறக் கூடாது. மாடியில் தவறலாம். தண்ணீர் அதிகமாகிவிட்டால் வேர் அழுகும், ஒரு செடி போகும், அந்தத் தொட்டியில் வேறு ஒன்று வைக்கலாம். யாருக்கும் விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. பஸ்ஸில் நிமிடக் கணக்கு. செடியில் மாதக் கணக்கு, வருஷக் கணக்கு. எலுமிச்சை நாற்று வைத்தவர் அடுத்த வாரம் காய் கேட்க முடியாது. வாழ்க்கை முழுக்க டைம் கீப்பருக்குப் பயந்தே ஓடிய ஒருவருக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

செடியோடு பேசுவதும் அப்படித்தான், அது நோய்க்குறி ஆகாது. சமையல் செய்துகொண்டே பாத்திரத்தோடு பேசாத பெண் யார்? செடி தனக்குப் பதில் சொல்கிறது, இதைச் செய் என்று உத்தரவு போடுகிறது என்று அவர் சொன்னால்தான் நான் கவலைப்படுவேன்.

இனி காபிச் செடிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைத் திரும்ப ஒரு தடவை படித்துப் பாருங்கள். நாகலூர்க்காரர் தவறியது ஐப்பசியில். முதல் காபி நாற்று வீட்டுக்கு வந்தது கார்த்திகையில். இரண்டையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்றைக் கடிதத்தின் நடுவிலும் இன்னொன்றைக் கடைசியிலும் எழுதியிருக்கிறீர்கள்.

இதனால்தான் அது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் இருக்கும் உறவு சாதாரணமானதில்லை. ஒரு நாளில் அதிக நேரம் அவர்கள் கூடவே இருக்கிறார்கள், ஆனால் முகம் பார்த்துப் பேசுவது டீக்கடையில்தான். மற்ற நேரமெல்லாம் விசில்தான் பேச்சு. ஒரு விசில், இரண்டு விசில், வளைவில் பின்னால் எடுக்கும்போது “வரலாம் வரலாம்” என்ற குரல். பின்னால் பள்ளம் இருக்கிறதா என்பதை அந்தக் குரலை நம்பித்தான் இவர் முடிவுசெய்திருப்பார். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்து பத்து நாளுக்குள் சேர்வராயன் மலையில் காபி பூக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் கிளை கிளையாக வெள்ளைப் பூ, மல்லிகை போலவே வாசனை, இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அந்த வாசனைக்குள் பஸ் போகும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேரும் அதை எத்தனையோ வருஷம் சேர்ந்து முகர்ந்திருப்பார்கள். ஆண்கள் இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள்.

செத்த வீட்டில் அவர் அழவில்லை என்கிறீர்கள். பந்தல் போட்ட இடத்தில், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் நிற்கும் இடத்தில், கண்டக்டர் செத்ததற்கு டிரைவர் அழலாமா, எவ்வளவு அழலாம் என்பதற்கு நம்மிடம் முறை எதுவும் இல்லை. சொந்தக்காரன் இல்லையே. கருமாதிக்குப் போய்விட்டு வந்தால் கடமை முடிந்தது. ஆனால் மாடியில் ஒரு செடி கருகினால் அதன் பக்கத்தில் உட்காரலாம். ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கலாம். அது யாருக்காக என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நேரத்தில் நீங்கள் “ஒரு செடிக்குப் போய்…” என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

காபி சேலத்து மாடியில் வராது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், நாம் 300 மீட்டருக்கும் கீழே. அங்கே விளையும் அராபிகா 15 முதல் 25 டிகிரி வரையிலான குளுமையை விரும்பும் செடி, மர நிழலில் வளர்ந்து பழகியது. நம் ஊரில் சித்திரையில் 40 டிகிரி, அதற்குக் கீழே காங்கிரீட் தளத்தின் சூடு, தொட்டிக்குள் வேரே வெந்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் சேரும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை நிழல்வலை, கிழக்கு வெயில் மட்டும் படும் மூலை, காவிரித் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்துச் செய்தால் நான்காவது நாற்று கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம். இதை நீங்கள் அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் எழுதுவது, அவர் அறியாமையால் இப்படிச் செய்யவில்லை என்று உங்களுக்குப் புரிவதற்காக.

நீங்கள் செய்யக்கூடியது வேறு ஒன்று. கருமாதிக்குப் பிறகு அவர் நாகலூருக்குப் போனாரா? போகவில்லை என்றால், இருவரும் ஒரு நாள் போய்வாருங்கள். கார் வேண்டாம். பஸ்ஸிலேயே போங்கள், ஜன்னலோரம் அவர் உட்காரட்டும். போகிற வழியில் டிரைவர் சரியாக ஓட்டவில்லை என்று குறை சொல்வார், சொல்லட்டும். இறந்தவரின் மனைவியைப் பார்த்து, அவரைப் பற்றி ஏதாவது ஒரு கதையை இவர் சொல்லும்படி நீங்கள் பேச்செடுங்கள். ‘உங்க அண்ணன் வண்டியில ஒரு தடவை…’ என்று தொடங்கினால் போதும், மீதியை உங்கள் கணவர் பார்த்துக்கொள்வார். அந்த நான்காவது நாற்றை அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று அவருக்கே தோன்றினாலும் தோன்றலாம், அது வாழும் உயரம் அதுதான். ஆனால் யோசனை அவருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் சொன்னால், பாதித் தொட்டியைக் கொடுத்துவிடு என்று மகன் சொன்ன கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். செடிகளோடு பேசுகிறார், என்னிடம் ‘ம்’, ‘சரி’தான் என்று. எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கியமான வரி. முதல் டிரிப், நைட் ஹால்ட், பண்டிகை ஸ்பெஷல் என்று இத்தனை வருஷம் அவர் வீட்டில் இருந்த நேரமே குறைவு. ரிட்டயர் ஆனால் நமக்கென்று இருப்பார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வந்தார், வந்து மாடிக்குப் போய்விட்டார். அந்த ஏமாற்றம் நியாயமானது. 46 தொட்டிக்கு இடம் கொடுத்த வீட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு மேலே போய் “கீழே வாங்க” என்று கூப்பிடுவதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதில் ஏதாவது ஒன்று கேளுங்கள். கறிவேப்பிலை கேட்டால் பறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார், கொஞ்சம் பெரிதாகக் கேளுங்கள். எனக்கு ஒரு குண்டுமல்லி வேண்டும், தலைக்கு வைக்கிற அளவுக்குப் பூக்க வேண்டும், வ.உ.சி. மார்க்கெட்டில் முழம் விற்கிற விலைக்கு என்னால் வாங்க முடியவில்லை என்று சொல்லுங்கள். குண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி, காபியைப் போல நம் ஊர் மாடியோடு சண்டை போடாது. நட்டு வேர்பிடித்து வளர்ந்த பிறகு கார்த்திகையில் அதைக் கவாத்து செய்ய வேண்டும், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்டிவிட வேண்டும். பார்க்க மனசு வராது. வெட்டினால்தான் மாசி, பங்குனியில் புதுக் கிளையெடுத்து அரும்பு கட்டும். அந்த வேலைக்கு அவர் பக்கத்தில் நில்லுங்கள். கத்தரிக்கோலை வாங்கி நீங்களும் இரண்டு கிளை வெட்டுங்கள். இரண்டு பேர் ஒரே செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பேசுவது, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட எளிது. முகம் பார்க்காமலே பேசிப் பழகிய மனிதர் அவர், மறந்துவிடாதீர்கள்.

உடனே பலன் தெரியாது. முதல் நாள் தொட்டியின் அளவைப் பற்றித்தான் பேசுவார்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மாடிக்குப் போகிறார் என்பதற்காக நீங்கள் பயப்படுகிறீர்கள். என் கணக்கு நேர் எதிரானது: மாடிக்குப் போவதை அவர் நிறுத்தினால் பயப்படுங்கள். பிடித்த காரியத்திலேயே ஆர்வம் போய்விடுவது மனச்சோர்வு நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. செடிகள் வாடினாலும் கண்டுகொள்ளாமல் படுத்திருப்பது, விடியற்காலையில் விழித்து மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது, சாப்பாடு குறைந்து உடம்பு இளைப்பது, ‘நான் இருந்து யாருக்கு என்ன’ என்ற மாதிரிப் பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் இரண்டு வாரம்கூடப் பொறுக்காதீர்கள், அன்றே அழைத்துப்போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். ஊற்றியதை மறந்து ஒரே தொட்டிக்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுகிறாரா, தெரிந்த செடியின் பெயர் வாயில் வராமல் தடுமாறுகிறாரா என்றும் கவனியுங்கள். அப்படியிருந்தால் அது ஞாபகம் சம்பந்தப்பட்டது, வேறு பரிசோதனை தேவைப்படும். பல வருஷம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்பதால் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ‘ம்’, ‘சரி’ என்று முடித்துக்கொள்கிறவர்களில் சிலருக்கு எதிரே இருப்பவர் சொல்வது பாதிதான் கேட்கிறது.

முழங்கால் வலி பொய்யில்லை, பக்கெட்டோடு படி ஏறுவது ஆபத்தும்கூட. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: டைமருக்கு வைத்திருக்கும் பணத்தில் மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு பைப் இழுத்து, மூலையில் ஒரு குழாய் வைத்து, எல்லாத் தொட்டிக்கும் எட்டும் நீளத்தில் ஓஸ் வாங்கிக் கொடுக்கட்டும். படிக்கட்டில் கைப்பிடி இல்லையென்றால் அதையும் போடட்டும். குழாயைத் திறப்பதும் மூடுவதும் அப்பாவின் கையில் இருக்கட்டும். குழாயை எந்த மூலையில் வைப்பது என்பதையும் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.